வட்டகொடையில் என்னைக் கடிக்காத அட்டை

எங்கள் மலையகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லித் தப்பிக்கலாம். ரத்தம் குடிக்கிற அட்டையைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. அந்தத் துறையில் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், நிபுணர்கள் இருக்கிறார்கள். இது தெரியாமல் இருபத்தைந்து வயதில் பெண் பார்க்கப் போன ஓர் அறிவாளியின் கதை இது. அந்த அறிவாளி நான்தான்.

முதலில் ஒரு விவரம். என் வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு பை உண்டு. குடலில் வந்த நோய் முற்றி, கண்டியில் ஆபரேஷன் செய்து, குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் கக்கூசில் முடிக்கிற காரியம் எனக்கு அந்தப் பைக்குள் நடக்கும். அது பாட்டுக்கு நடக்கும், என்னிடம் அனுமதி கேட்காது. பை பசையால் தோலோடு ஒட்டியிருக்கும். பசை விட்டுக்கொண்டால் கசியும். (கசிந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.)

பையைப் பற்றி முன்கூட்டியே சொன்னதால் இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. அதனால் மூன்றாவது இடத்துக்கு அம்மா வேறு திட்டம் போட்டார். "தாலி ஏறட்டும்யா. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

மூன்றாவது இடம் சுகந்தி. வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. தரகர் நம்பர் கொடுத்த நாளிலிருந்து வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருந்தோம். ஹட்டனில் போன் ரிப்பேர் கடையில் எந்தப் போனையும் பிரித்து மேய்கிற எனக்கு, அவளுக்கு ஒரே ஒரு செய்தியை அனுப்பத் தைரியம் வரவில்லை. எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அதனால்தான் அவ்வளவு பயம்.

பெண் பார்க்கிற அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிளம்பினேன். உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது என்பது என் விஞ்ஞானம். அம்மா, தாய்மாமா, நான் மூவரும் ரயிலில் போய் வட்டகொடையில் இறங்கினோம். மாமாவுக்குப் பை விஷயம் தெரியாது. (அவரிடம் ஒன்றைச் சொன்னால் திம்புள்ள வட்டாரம் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி.)

"ரோட்டுல போனா சுத்துடா. தேயிலைக்குள்ள குறுக்குப் பாதை இருக்கு, வா" என்றார் மாமா. மழை விட்டிருந்தது. பாதை செங்குத்தாக ஏறியது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வைக்கும் அந்தப் பசைக்கும் ஜென்மப் பகை.

வாசலில் எல்லோரும் காலை உதறி அட்டை பார்த்தோம். மாமாவின் காலில் இரண்டு கிடைத்தன. என்னிடம் ஒன்றும் இல்லை. உள்ளே முன் காம்பராவில் உட்கார வைத்து, உளுந்து வடையும் கேசரியும் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். சுகந்தியின் பெரியம்மா விடவில்லை. காலமெல்லாம் மலையில் கொழுந்து எடுத்த கை அவருடையது. அது தட்டில் வடை வைத்தால் யாரும் மறுக்க முடியாது.

மூன்றாவது வடையில் இடுப்போரம் இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. ஐயோ என்றிருந்தது. முழங்கையால் அழுத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு வாடை வந்தது.

மாமா மூக்கைச் சுளித்தார். "பின்னால சாக்கடைக் காணு அடைச்சிருக்கோ?"

சுகந்தியின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "காலையிலதாங்க கழுவுனோம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எந்தச் சாமியைக் கூப்பிட்டார் என்று இன்று வரை சொல்லவில்லை. அதற்குள் பெரியம்மா என் சட்டையைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இடுப்புல என்ன ஈரம்?"

மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.) "அட்டைங்க" என்றேன்.

அவ்வளவுதான். வீடே எழுந்தது. ஒருவர் உப்புக்கு ஓடினார், ஒருவர் சவுக்காரத்துக்கு. "தேசிக்கா புழிஞ்சா ஒடனே வுட்டுரும்" என்று அடுத்த காம்பராவிலிருந்து எலுமிச்சைக்கு ஒரு குரல் வந்தது. பெரியம்மா ஒரு கையில் உப்போடு வந்து மறு கையால் என் சட்டையைப் பிடித்தார்.

"பரவாயில்லைங்க, அதுவா விழுந்துரும்!"

"வுழுகாது தம்பி. எடுத்து வுடணும்."

அவர் தூக்க, நான் இறக்க, அவர் தூக்க, நான் இறக்க, பொத்தான் ஒன்று தெறித்துக் கேசரியில் விழுந்தது. சரியாக அந்த நேரத்தில் பிளேன்டீ தட்டோடு சுகந்தி வந்து நின்றாள்.

பெரியம்மா கறையை உற்றுப் பார்த்தார். "அட்டை கடிச்சா ரத்தமுல்ல வரணும். இது என்ன மஞ்சளா வருது?"

சட்டை மேலே போனது. பை எல்லோருக்கும் தரிசனம் கொடுத்தது.

வெளியே தகரத்திலிருந்து மழைநீர் சொட்டுவது கேட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. எழுந்து சொன்னேன். "அட்டை இல்லைங்க. ஆபரேஷன் பண்ணியிருக்கு. வெளிக்கிப் போறது இந்தப் பையிலதான். ஆயுசுக்கும் இப்படித்தான்."

முதலில் அசைந்தவர் பெரியம்மாதான். உப்பைக் கீழே வைத்தார். சுவரில் மாட்டியிருந்த படங்குத் துணியை எடுத்து, கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கட்டுவது போல என் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "போயி மாத்திக்கிட்டு வாங்க தம்பி. சுகந்தி, சுடுதண்ணி எடு."

மாற்றுப் பை அம்மாவின் கைப்பையில் இருந்தது. கக்கூஸ் லயத்தின் கோடியில். படங்கோடு நான் முன்னால் போக, மாமா குடை பிடித்துப் பின்னால் வந்தார். முழு லயமும் வாசலில் நின்று பார்த்தது. கதவுக்கு வெளியே நின்று மாமா முனகினார்: "எனக்குக்கூடச் சொல்லலையேடா."

இடுப்பில் சுகந்தி அப்பாவின் சாரமும் மேலே அவள் தம்பியின் கிரிக்கெட் ஜெர்சியுமாகத் திரும்பி வந்தேன். விடை கொடுத்து அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேள்விகள்தான் காத்திருந்தன.

"உசுருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" என்றார் அவள் அப்பா.

"இல்லைங்க. இது வந்ததாலதான் உசுரே இருக்கு."

"வர்றது தெரியுமா, தெரியாதா?" இது பெரியம்மா. "தூங்குறப்ப? பலாக்கா ஒத்துக்குமா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் அவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றுதான். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான்காவது வடையை எடுத்தார்.

கடைசியில் சுகந்தி கேட்டாள். "தெனமும் டைப்பிங் டைப்பிங்னு காட்டிச்சு. ஒண்ணுமே வரல. இதத்தான் எழுதுனீங்களா?"

"ஆமாங்க."

"அனுப்பியிருக்கலாமே. வேற பொண்ணு இருக்குன்னுல்ல நான் நெனச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள். "பைதானா?"

அந்த வருடமே கல்யாணம். விஷயத்தை ஊருக்குச் சொல்லும் பொறுப்பைப் பெரியம்மா ஏற்றுக்கொண்டார், மாமாவே தோற்றுப்போகும்படி. ஐயரிடம் சொன்னார், போட்டோக்காரரிடம் சொன்னார், பந்தியில் சாம்பார் ஊற்றியவரிடமும் சொன்னார். அந்தத் தோட்டத்தில் என்னை யாரும் சுகமா என்று விசாரிப்பதில்லை, பையைத்தான் விசாரிப்பார்கள்.

போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பெரியம்மா தலையை நீட்டிக் கத்தினார்.

"மாப்ள! பை எப்படி இருக்கு?"

பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் கையைத் தூக்கிக் கத்தினேன்.

"நல்லா இருக்குங்க அத்தை! காலையிலதான் மாத்துனேன்!"