நைட்ரஜன் சாருக்கு வந்த கார்டுகள்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில், காற்றைத் தன் ஜென்ம விரோதியாகக் கருதி வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் நைட்ரஜன் சார்தான்.

எண்பதுகளின் நடுவில், ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் வேதியியல் ஆசிரியர்கள். உலோகத்தையும் கார்பனையும் நேரடியாகப் பிணைப்பது அவர் ஆராய்ச்சி. "ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறது கூட ஈஸிப்பா. காத்து உள்ள பூந்து கலைச்சு விட்ரும்" என்பார். ஒருநாள் அவர் குடுவையிலிருந்து சிந்திய இரண்டு சொட்டில் துறைத்தலைவரின் கைக்குட்டை காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடித்தது. தலைவர் அலறினார். இவரோ, "பாத்தீங்களா, எவ்ளோ சுத்தமான சரக்கு!" என்று பூரித்துப்போனார்.

அதனால் அவருக்கு எல்லாமே நைட்ரஜன் வாயுவுக்குள்தான். முறுக்கைக்கூட அந்த வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்திருந்தார். தீபாவளி முறுக்கு பங்குனியிலும் மொறுமொறுவென்று இருக்கும்.

வாயு சிலிண்டர் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து, மூன்று சக்கரத்தில் மிதித்து ஓட்டும் மீன்பாடி வண்டியில் வரும். ஒருநாள் வண்டிக்காரர் வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "இன்னா சார் கீது இதுக்குள்ள, இந்தக் கனம் கனக்குது?"

"காத்துலேர்ந்து பிரிச்ச வாயுப்பா."

"காத்தா? அம்பத்தூர்லேர்ந்து காத்த மிதிச்சிகினு வந்தேனா நானு? ஏன் சார், ஆவடில இல்லாத காத்தா?"

"ஆவடி காத்து நமக்குச் சரிப்படாது."

இப்படிப்பட்ட மனிதரை உலகம் கொண்டாடியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போது ஒருவருடைய கட்டுரை வேண்டுமென்றால் அவருக்கே கார்டு எழுதிப் பிரதி கேட்பார்கள். நைட்ரஜன் சாருக்கு போலந்து, பிரேசில், ஜப்பான் என்று கார்டுகள் கொட்டின. நானும் மூன்று கட்டுரை எழுதியிருந்தேன். என் மனைவியே படிக்கவில்லை.

"எனக்கு ஏதாவது?" என்று தினமும் தபால்காரரைக் கேட்பேன்.

"உங்களுக்கு எல்ஐசி நோட்டீஸ் சார். அவருக்கு மூணு ஃபாரின்" என்று, பாவி மனிதர், துறை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

ஒரு மதியம், ஹங்கேரியிலிருந்து வந்த கார்டு தவறுதலாக என் மேஜைக்கு வந்தது. கூடவே ஏதோ சந்தேகம் வேறு கேட்டிருந்தார்கள். எடுத்தேன். டிராயரில் போட்டேன். பூட்டினேன். ஹங்கேரி காத்திருக்கட்டும்!

அதோடு விட்டேனா? அப்படி என்னதான் கிழித்துவிட்டார் என்று பார்க்க, சனிக்கிழமை ரயிலேறி நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போனேன். யாருடைய கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எறும்பெழுத்தில் அச்சிட்ட தடித்தடியான புத்தகங்கள் அங்கே உண்டு. அவர் பெயருக்குக் கீழே ஒரு பத்தி நிரம்பி அடுத்த பத்திக்கும் வழிந்திருந்தது. வயிறு பற்றி எரிய, சும்மா இருக்காமல் என் பெயரையும் தேடினேன்.

இருந்தது! கீழே ஒரே ஒரு வரி. உலகத்தில் ஒரே ஒருவர் என்னை மேற்கோள் காட்டியிருந்தார். பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தேன். நைட்ரஜன் சார்.

திங்கட்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "சார், இது பத்து நாளா என்கிட்டதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன்."

கார்டைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப கேள்விய நீயும் படிச்சிருப்பியே. ஹங்கேரிக்காரன் கேக்கறது நியாயம்தானே?"

அவ்வளவுதான். கோபமே இல்லை. நான்தான் விடாமல் கேட்டேன்: "என் கட்டுரைய எதுக்கு சார் சேர்த்தீங்க? பரிதாபப்பட்டா?"

"பரிதாபமா?" முதல்முறையாக முறைத்தார். "உன் கட்டுரைல வர்ற நிக்கல் சேர்மத்துக்கு உன்னைத் தவிர நாலு பேரு உருகுநிலை போட்டிருக்கான். நாலும் தப்பு. உன்னுது மட்டும்தான் சரி. நான் மூணு தடவ செஞ்சு பாத்துட்டேன்."

என் கட்டுரையைப் படித்ததோடு நிற்காமல், அதை மூன்று முறை செய்தும் பார்த்த ஒரு மனிதர், இத்தனை நாளும் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு வரும் கார்டுகளைத் தபால்காரரிடம் வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.