கீர்த்திகாவின் கையெழுத்து

கீர்த்திகா ‘ஒன்பது’ என்ற ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் சோமசேகரன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ‘ஒ’வுக்குச் சுழி போட்டாள். அது பிடிக்காமல் அழித்தாள். அழித்த இடத்தை ஊதி, தூளைக் கையால் தள்ளி, மறுபடி சுழி போட்டாள். ஒன்பதாம் வாய்ப்பாட்டை எழுத்தால் எழுத வேண்டும். இன்னும் பதினொரு வரி பாக்கி. அதற்கப்புறம் ஆங்கிலத்தில் சேர்த்தெழுத்து ஒரு பக்கம். அடுப்பில் சாம்பார் வேறு கொதித்துக்கொண்டிருந்தது.

“குடும்மா. இன்னிக்கு மட்டும் அப்பா எழுதித் தர்றேன்” என்று பென்சிலை வாங்கிக்கொண்டார்.

அது பள்ளி திறந்த இரண்டாவது வாரம். அவர் மனைவி சந்திரலேகா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் மகளோடு அவள்தான் படித்துத் தாண்டினாள். மூன்றாம் வகுப்பு தொடங்கும் நேரம் பார்த்து அவளைக் கேரளக் கரையிலிருக்கும் மாஹேவுக்கு மாற்றிவிட்டார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு காரைக்காலிலேயே இருந்துவிடட்டுமா என்று அவள் கேட்டபோது, ஒரு மூன்றாம் வகுப்பைச் சமாளிக்க முடியாதா என்று சோமசேகரன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றுவதுதான் இப்போது அவருடைய பெரிய கவலை.

வகுப்பாசிரியை சுஹைனா மிஸ் பெற்றோரைக் கூட்டி, இந்த வருஷம் பிள்ளைகளிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று விளக்கியிருந்தார். வாய்ப்பாடு பன்னிரண்டு வரைக்கும் வரும். நாலு கோடு நோட்டு போய் ஒரு கோடு நோட்டு வரும். கணக்கு வெறும் எண்ணாக வராது, கதையாக வரும். பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பார்கள்; உயிர்த்தோழியோடு காலையில் சண்டை போட்டு மத்தியானம் சேர்ந்துகொள்வார்கள். சோமசேகரன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியாக, பெற்றோர் செய்யக் கூடாதது என்று மிஸ் ஏதோ ஆரம்பித்தபோது மாஹேயிலிருந்து போன் வந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டார்.

‘இன்னிக்கு மட்டும்’ என்பது ஒரு வாரம் ஓடியது. அப்புறம்தான் அவருக்கு ஒரு பயம் வந்தது.

சோமசேகரன் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்து வரைபடத்தில் ஒவ்வொரு ஊரின் பெயரும் அவர் கையால் எழுதியது. அச்சா, எழுத்தா என்று மேலதிகாரிகளே விரலால் தடவிப் பார்ப்பார்கள். எட்டு வயதுப் பெண் அப்படி எழுதினால் யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து இடது கையால் எழுதத் தொடங்கினார்.

நான்காம் நாள் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. எழுத்து மிகவும் நடுங்குகிறது, குழந்தையைக் கண் டாக்டரிடம் காட்டவும்.

காட்டினார். கீர்த்திகா கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன டாக்டர், எழுதுவதையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று காகிதத்தை எடுத்தார். ஆபீசில் அவசர வேலை இருப்பது சோமசேகரனுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் திட்டத்தை மாற்றினார். வலது கைக்கே திரும்புவது, ஆனால் தினமும் துளித் துளியாக எழுத்தை நன்றாக்குவது. பார்க்கிறவர்களுக்குக் குழந்தை முயற்சி செய்கிறது என்று தோன்றும். திட்டம் நல்ல திட்டம்தான். கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ‘என் பள்ளி’ என்ற கட்டுரை, வரைபடத்தில் ‘திருநள்ளாறு’ என்று எழுதியிருப்பதைப் போலவே அழுத்தமாகவும் அழகாகவும் வந்துவிட்டது. அவரே ஒரு நிமிஷம் தள்ளி வைத்துப் பார்த்து ரசித்தார்.

சுஹைனா மிஸ்ஸும் ரசித்திருக்க வேண்டும். டைரியில் இப்படி எழுதி அனுப்பினார்: ‘மூன்றாம் வகுப்புக் கையெழுத்துப் போட்டிக்கு இந்த நோட்டு தேர்வாகியுள்ளது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணி. பெற்றோர் அவசியம் வரவும்.’

போட்டியில் மகள் எல்லார் முன்னாலும் எழுதவேண்டி வருமே என்று சோமசேகரன் பதறினார். கையில் ஐந்து நாள் இருந்தது. அதற்குள் மகளைத் தன்னைப் போல எழுத வைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆபீசிலிருந்து வந்ததும் அவளை உட்கார வைத்து, தன் எழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்துகள் கோட்டை விட்டு ஏறின, இறங்கின, ஒன்றையொன்று இடித்தன. மூன்றாம் நாள் அவர் குரல் உயர்ந்தது. கீர்த்திகா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“என் நோட்டுல எனக்கு இடமே குடுக்கலையேப்பா. நான் எங்க எழுதிப் பழகுறது?”

ஏன் என்று கேட்பார்கள் என்றுதான் மிஸ் சொல்லியிருந்தார். இப்படிக் கேட்பார்கள் என்று சொல்லவில்லை. அவர் எழுந்து போய் எரியாத அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை மிஸ்ஸுக்குப் போன் செய்து, பாப்பாவுக்கு நல்ல காய்ச்சல், சனிக்கிழமை வர முடியாது என்றார்.

“அடடா. நீங்க நல்லா இருக்கீங்கள்ல சார்?” என்றார் மிஸ்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப சரி. பாப்பாவைத் தனியா விட்டுட்டு வர வேணாம். போட்டியை அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திடுறேன். நீங்க இல்லாம நடத்த முடியாது சார்.”

இவ்வளவு மரியாதையான ஆசிரியையை ஏமாற்றுகிறோமே என்று சோமசேகரனுக்கு மனசு உறுத்தியது. ஆனால் காய்ச்சல் என்று சொன்னபிறகு மகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியுமா? இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் மூன்றாம் வகுப்பு மொத்தத்தையும் கடற்கரைக்கு அழைத்துப்போய் மணலில் வீடு கட்டவிட்டார்கள். சேதி தெரிந்ததும் கீர்த்திகா அவரோடு பேச்சை நிறுத்தினாள். பேசாமல் இருப்பதில் அவள் அம்மாவை உரித்து வைத்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. இன்னொரு காய்ச்சலை யாரும் நம்பமாட்டார்கள். மாலை ஆபீஸ் விட்டு வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த மருந்துக் கடையில் நிறுத்தி ஒரு சுருள் பேண்டேஜ் வாங்கினார். மகளின் வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றினார்.

“எனக்கு வலிக்கவே இல்லையேப்பா” என்றாள் கீர்த்திகா. ஒரு வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும்மா.”

சொல்லும்போதே அவருக்குக் கூசியது. பிள்ளைக்கு எழுதத்தான் கற்றுக்கொடுக்கவில்லை, இப்போது பொய்யை வேறு கையில் கட்டிவிடுகிறோம் என்று நினைத்தார். அவிழ்க்கப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு மெஹர் பானு ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பத்தோடு வந்துவிட்டார். கட்டைப் பார்த்துக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சோமசேகரன் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“லேகாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

மெஹர் பானு அன்புள்ளவர். மறைக்கச் சொல்கிறாரே, அப்படியென்றால் சின்ன அடியாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய், பிள்ளைக்குக் கை முறிந்திருக்கும் போலிருக்கிறது, அண்ணன் பயத்தில் மறைக்கிறார், நீ கலங்காமல் புறப்பட்டு வா என்று மாஹேவுக்கு விவரமாக ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை சோமசேகரன் மகளோடு பள்ளிக்கூடம் போனார். நேரில் கட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவதாக எண்ணம். கூடத்தின் வாசலில் பள்ளி ஆயா கல்யாணசுந்தரி மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். கீர்த்திகாவின் வகுப்பில் படிக்கும் இஃபாத்தின் அம்மா விரல்களைச் சொடுக்கிக்கொண்டே உள்ளே போனார். தஹ்ஸீனின் அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். சோமசேகரன் தொண்டையைச் செருமி, “பாப்பாவுக்குக் கையில அடிங்க” என்று ஆரம்பித்தபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

சந்திரலேகா இறங்கினாள். ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்ததில் தலை கலைந்திருந்தது, கண் வீங்கியிருந்தது. வீடு பூட்டியிருக்க, எங்கே போயிருப்பார்கள் என்று மெஹர் பானுவிடம் கேட்டுக்கொண்டு நேராக வந்திருக்கிறாள். கணவனைத் திரும்பியும் பார்க்காமல் மகள் முன்னால் மண்டியிட்டுக் கட்டைத் தொட்டாள். தொட்டதும் அவள் முகம் மாறியது. பதினாறு வருஷம் கட்டுப் போட்ட கை அது.

“இத யாரு கட்டுனது?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே அவிழ்த்தாள். அவிழ்க்க அவிழ்க்கத் துணி வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. கீர்த்திகா விரல்களை மடக்கி விரித்து, அம்மாவுக்குக் காட்டினாள்.

சோமசேகரனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“அடி எதுவும் இல்ல லேகா. வருஷம் தொடங்குனதுலேர்ந்து இவ நோட்டு பூரா நான்தான் எழுதுறேன்.”

“பூராவும் இல்லம்மா. ரெண்டு பக்கம் நான் எழுதுனேன். அன்னிக்கு அப்பாவுக்கு ஆபீஸ்ல மீட்டிங்” என்றாள் கீர்த்திகா.

சந்திரலேகா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த இரண்டு பக்கம் எப்படி வந்தது என்று மட்டும் மகளிடம் கேட்டாள். சுமாராகத்தான் வந்தது, ஆனால் மிஸ் அதற்குத்தான் நட்சத்திரம் போட்டார் என்றாள் மகள்.

சோமசேகரன் ஆயாவின் பக்கம் திரும்பினார். தப்பு முழுக்க என்னுடையது, பாப்பா ஒரு பாவமும் அறியாதவள், மிஸ்ஸிடம் நானே உள்ளே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், தயவுசெய்து போட்டியிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

கல்யாணசுந்தரி தாளில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு புதிதாகச் சீவிய பென்சில் ஒன்றை எடுத்து அவர் கூப்பிய கைகளுக்கு நடுவில் செருகினார்.

“பாப்பா பேரை நாங்க எழுதவே இல்லையே சார், இது பிள்ளைங்க நோட்டை எழுதுற அப்பா அம்மாவுக்குன்னே மிஸ் வருஷா வருஷம் வைக்கிற போட்டி, உங்க பேருதான் மொதல்ல இருக்கு.”