ஆறாம் தேதிக்குள் ஒரு பிள்ளை

"ஆறாம் தேதிக்குள்ள நீ வெளிய வந்துடணும். புரியுதா?" என்று கிரெய்க் குனிந்து மனைவியின் வயிற்றிடம் சொன்னான்.

வயிறு பதில் சொல்லவில்லை. வயிற்றுக்கு மேலே இருந்த ஜோவான்தான் சொன்னாள். "மிரட்டாத. உன்னை மாதிரி இருந்தா, சொன்ன வேலையை மூணு வருஷம் கழிச்சுத்தான் செய்யும்."

கிரெய்க் இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரில் பஸ் ஓட்டுகிறவன். அவன் காதில் இந்தத் தேதியைப் போட்டவன் டெஸ், பணிமனைச் சகா. தேநீர் நேரத்தில் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்தான்: ஏப்ரல் ஆறாம் தேதியிலிருந்து பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்கு அரசாங்க உதவிப் பணம் கிடையாது. ஐந்தாம் தேதி பிறந்தால் உண்டு.

கிரெய்க்குக்கு ஏற்கெனவே இரண்டு. மூன்றாவதற்கு மருத்துவமனை குறித்துக் கொடுத்த தேதி ஏப்ரல் ஏழு.

"ரெண்டே ரெண்டு நாள், மாப்ளே," என்றான் டெஸ். "ரெண்டு நாள்ல கணக்குல இல்லாத பிள்ளை ஆயிடும்."

"கணக்குல இல்லாதன்னா?"

"இருக்கும். சாப்பிடும். மாசாமாசம் புது ஷூ கேக்கும். அரசாங்கத்து கண்ணுக்கு மட்டும் தெரியாது."

கிரெய்க் அன்று இரண்டு நிறுத்தங்களில் நிற்காமல் போனான். அவன் சம்பளமும், ஜோவான் பள்ளிக்கூடச் சமையலறையில் வாங்கும் சம்பளமும் சேர்ந்தே மாதக் கடைசியில் ரொட்டியும் பீன்ஸும்தான். அந்த உதவிப் பணம் இல்லாமல் மூன்றாவதை எப்படி வளர்ப்பது?

விஷயத்தைக் கேட்டதும் ஜோவானும் வெளிறித்தான் போனாள். ஆனால் மறுநாள் சாயங்காலத்திலிருந்து என்னவோ தெளிந்துவிட்டாள். பெண்களுக்கு மனோதிடம் அதிகம் என்று கிரெய்க் நினைத்துக்கொண்டான்.

"பிள்ளையை முன்கூட்டியே வரவைக்க வழி இருக்கு," என்றான். "காரம். நல்ல காரமா கறி சாப்பிட்டா போதுமாம்."

"சாப்பிடலாமே," என்றாள் ஜோவான் உடனே. "வெளிய சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு!"

கறிக் கடையில் அவள் தேங்காய்ப்பால் ஊற்றிய சாதுவான கறியை வரவழைத்துக்கொண்டாள்.

"காரம் எங்க?" என்றான் கிரெய்க்.

"எடுத்த எடுப்புலயே அதிர்ச்சி குடுத்தா பிள்ளை பயந்துடும். நீ சாப்பிடு. அந்த வாசனை எனக்கு வந்தா போதும்."

பட்டியலின் கடைசியில் மூன்று மிளகாய்ப் படம் போட்டிருந்ததை கிரெய்க் சாப்பிட்டான். வாசனை வரட்டும் என்று அவள் பக்கமாகக் குனிந்து குனிந்து சாப்பிட்டான். பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கழிப்பறைக்குப் போனான். இரண்டு நாள் சம்பளமும் போயிற்று. குழந்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த யோசனை அவனுக்குத் தொழிலிலிருந்தே வந்தது. கர்ப்பிணிகள் குலுங்கும் வண்டியில் போகக் கூடாது என்று சொல்வார்கள். அப்படியென்றால் போகலாம்.

சனிக்கிழமை ஜோவானைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றினான். பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் இருக்கை. அவன் தடத்தில் வழக்கமாக ஒதுங்கிப் போகும் குழிகள் பதினொன்று. அன்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கல் பாவிய இறக்கத்தில், வேகத்தடை மேல், ஒரு இடத்தில் தேவையே இல்லாமல் நடைபாதை ஓரத்தின் மேலும் ஏற்றி இறக்கினான்.

"ஏம்ப்பா!" என்று ஒரு அம்மாள் மடியில் இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்துக் கத்தினாள். "நீ பஸ் ஓட்டுறியா, ஆம்லெட் போடுறியா?"

"சாலை சரியில்லம்மா!"

"சாலை நேரா போகுது, நீதான் குழியைத் தேடிப் போற!"

கடைசி நிறுத்தத்தில் கிரெய்க் ஆவலாக ஓடி வந்து பார்த்தான். ஜோவான் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா?" என்று உலுக்கினான்.

"எட்டு மாசத்துல இப்படித் தூங்கினதே இல்ல," என்று அவள் சோம்பல் முறித்தாள். "திரும்பப் போறப்பவும் இப்படியே ஓட்டு."

திரும்பும்போதும் அப்படியே ஓட்டினான். திங்கட்கிழமை மேலாளரின் மேஜையில் ஏழு புகார்கள் இருந்தன. ஒன்றில் முட்டை ஒட்டியிருந்தது. கிரெய்க்கை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார், சம்பளமில்லாமல்.

"ஒரு வாரம் பூரா வீட்டுலயா?" என்றாள் ஜோவான். அவள் வருத்தத்தை நன்றாக மறைத்துக்கொண்டதாக அவனுக்குத் தோன்றியது. "சரி, அதுவும் நல்லதுக்குத்தான். கூடு தயாரா இல்லாட்டி குஞ்சு வராதாம், புத்தகத்துல போட்டிருக்கு."

"எந்தப் புத்தகம்?"

"இருக்கு ஒண்ணு. பின்னறைக்கு இன்னும் வெள்ளையடிக்கல பாரு, அதான் அது யோசிக்குது."

கிரெய்க் பின்னறைக்கு வெள்ளையடித்தான். ஏணியிலிருந்து இறங்கி வந்து, "அசையுதா?" என்று கேட்டான்.

ஜோவான் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடினாள். "கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள அந்தத் தோட்டக் கதவு கிறீச்சுன்னுச்சு. மறுபடி மேல போயிடுச்சு."

கிரெய்க் தோட்டக் கதவைச் சரிசெய்தான். கதவுக்குப் பிறகு சொட்டும் குழாய். குழாய்க்குப் பிறகு மூடாத அலமாரி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் குழந்தை ஒரு விரற்கடை இறங்குவதும், அடுத்த வேலை ஜோவான் கண்ணில் பட்டதும் ஏறிக்கொள்வதுமாக இருந்தது.

புதன்கிழமை குழந்தை ஒரேயடியாக நின்றுவிட்டது.

"அந்த இன்ஜின்தான்," என்றாள் ஜோவான்.

குளியல் தொட்டியில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின் இருந்தது. ஒரு வார இறுதியில் பிரித்து மாட்டிவிடுவதாகச் சொல்லி கிரெய்க் அதை அங்கே வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐந்து வயது ஆல்ஃபி, தொட்டி என்றாலே அதில் இன்ஜின் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன்.

"அதுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு உள்ள இறுகுது, கிரெய்க். இறுகினா எப்படி வரும்? உன் இஷ்டம். தேதி ஆயிட்டே இருக்கு."

கிரெய்க் இன்ஜினை டெஸ்ஸுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தான். தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஆல்ஃபி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். "இனிமே எதைப் பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிறது?"

ஏழு வயது மில்லிக்கு வேறு கவலை. "அப்பா, ரெண்டு பேருக்குத்தான் பணம்னா, அது நானும் ஆல்ஃபியும்தானே? மாத்திட மாட்டாங்களே?"

"யாரையும் மாத்த மாட்டாங்க. நீ போய் அம்மாவுக்குத் தலகாணி எடுத்துட்டு வா."

ஏப்ரல் ஐந்தாம் தேதி ராத்திரி, கிரெய்க் வளைந்த முதுகோடு தரையில் உட்கார்ந்து மனைவியின் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தான். குதிகாலுக்கு மேலே ஒரு இடத்தில் அழுத்தினால் வலி எடுக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். ஜோவானுக்கு எடுக்கவில்லை. அவனுக்கு எடுத்தது.

"என்னை மன்னிச்சிடு ஜோ," என்றான். "ஒரு ரெண்டு நாள். ஒரு அப்பனா என்னால ஒரு ரெண்டு நாளைக் கூட நகர்த்த முடியல."

ஜோவான் அவன் தலையைத் தடவினாள். நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. "கிரெய்க், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லாத, எனக்கே தெரியும். மாடிப்படிக் கம்பளம் கிழிஞ்சு கிடக்கு, அதானே? காலைல முதல் வேலையா மாத்திடறேன்."

ஜோவான் ஒரு கணம் யோசித்தாள்.

"ஆமா," என்றாள். "கம்பளம்தான்."

ஆறாம் தேதி விடிந்தது. கிரெய்க் கம்பளம் மாற்றினான். குழந்தை ஏழாம் தேதியும் வரவில்லை, எட்டாம் தேதியும் வரவில்லை. ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோழி அடுப்பில் பாதி வெந்திருக்கும்போது கிளம்பி, இரண்டே மணி நேரத்தில் சுகமாகப் பிறந்தது. பெண். நல்ல எடை.

"ஏப்ரல்னு பேர் வைங்களேன்," என்றாள் செவிலி.

கிரெய்க் அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று செவிலி ஒரு டிஷ்யூ கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் கோட்டை மாட்டிக்கொண்டு, நூலகத்தின் ஓரத்தில் அரசாங்கக் கடிதங்களைப் புரியவைப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் பெரில் அம்மாளிடம் போனான். நான்கு நாள் சலுகை கேட்டு மனு எழுத வேண்டும். ராத்திரியெல்லாம் யோசித்து வாதங்களைத் தயாராக வைத்திருந்தான்.

"பொறந்தது ஒன்பதுதான்மா. ஆனா உருவானது போன வருஷம்! அப்ப அதுக்கு இந்தச் சட்டம் தெரியவே தெரியாது. இன்னொண்ணு, நான் முயற்சி பண்ணேன். சாட்சி இருக்கு. ஒரு பஸ் நிறைய சாட்சி."

பெரில் பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். அவன் கொண்டுவந்த கடிதங்களைப் புரட்டினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி, உங்களுக்கு வர்றது எல்லாப் பிள்ளைக்கும் குடுக்குற சாதாரணப் பணம். அதை யாரும் நிறுத்தல. பத்து பெத்தாலும் பத்துக்கும் உண்டு. நிறுத்தினது, சம்பளம் குறைஞ்சவங்களுக்குக் குடுக்குற இன்னொரு பணம். உங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு அது என்னைக்குமே வந்ததில்ல."

"அப்ப... இந்தப் பிள்ளைக்கும் வருமா?"

"ஒரு தாள் நிரப்பிக் குடுத்தா வரும்."

கிரெய்க் எழுந்தான். முதுகு வலி மறந்து நிமிர்ந்தான். மேஜையைச் சுற்றிப் போய் பெரிலின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தான். நூலகத்தில் இரண்டு பேர் "உஷ்" என்றார்கள்.

"முதல்ல ஜோவான்கிட்ட சொல்லணும்!" என்று கதவுப் பக்கம் ஓடினான். "பாவம், மூணு வாரமா என்னோட சேர்ந்து தவிச்சுக்கிட்டிருக்கா!"

"அவங்களுக்குத் தெரியுமே, தம்பி," என்றாள் பெரில், பின்னலை மறுபடி எடுத்துக்கொண்டே. "மார்ச் மாசமே வந்து கேட்டுட்டுப் போனாங்க. 'பதினோரு வருஷத்துல இன்னிக்குக் காலைலதான் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு எங்க இருக்குன்னு கேட்டிருக்கார், பிள்ளை பொறக்குற வரைக்கும் அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்களே!"