வாளி வைன் விவகாரம்

மெரிலேண்ட்ஸ், சிட்னி,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி நரசிம்மன் அவர்களுக்கு,

மெல்பேண் பொயிண்ட் குக்கில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை யுகனும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகமில்லை. சனிக்கிழமை யாரா பள்ளத்தாக்கு வைன் தோட்டத்தில் நம் முதற் சந்திப்பில் நடந்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கவே இக்கடிதம். ஐந்து நாளாகத் தங்களிடமிருந்து ஒரு போன் இல்லை. என் மனைவி மாக்கிறேட்டும் ஐந்து நாளாக என்னோடு கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்தான் கதை. மகள் நிஷானி அறைக் கதவைத் திறக்கிறாளில்லை. என்ர வாயால் பிள்ளையின் கலியாணம் குழம்பினால் நான் எங்கே போய் முகத்தை வைப்பது?

எல்லாம் நூலகத்தால் வந்த வினை. தங்களுக்கு வைன் பற்றிக் கதைக்கப் பிடிக்கும் என்று நிஷானி ஒரு சொல் சொன்னாள். நான் மூன்று கிழமை புத்தகமும் கையுமாக இருந்தேன். வைனின் தொடக்கம் பிரான்சில் அல்ல, ஜோர்ஜியாவில் எண்ணாயிரம் வருசத்துக்கு முதலே மண்சாடியில் போட்டார்கள். எகிப்து மன்னனின் கல்லறைச் சாடியில்கூட எந்த வருசத்து வைன், ஆர் போட்டது என்று எழுதியிருந்தது. 1788இல் சிட்னிக்கு வந்த முதற் கப்பல்களிலேயே திராட்சைக் கொடியும் வந்தது. வைனைப் பையில் ஊற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கிற புத்தி அவுஸ்திரேலியாக்காரனுக்குத்தான் முதலில் வந்தது என்றெல்லாம் விமானத்தில் மாக்கிறேட்டுக்கு ஒப்புவித்தேன். அவையளுக்கு முன்னால் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம் என்று அப்போதே கும்பிட்டுக் கேட்டாள். கேட்டேனா?

தோட்டத்தில் போய் இறங்கியதும் தாயும் மகளும் போனோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றுவிட, நான் மட்டும் உள்ளே வந்தேன். தாங்கள் யன்னலோரம் தனியே இருந்தீர்கள். போட்டோவில் பார்த்த அதே மீசை, அதே கண்ணாடி. "சம்பந்தி!" என்று கட்டிப்பிடித்தேன். "யெஸ், யெஸ்" என்றீர்கள். மெல்பேண் ஆக்கள் இங்கிலிசில்தான் கதைப்பினம் என்று நானும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ருசி பார்க்கப் பதினொரு வகை வைன் வந்தது. தந்ததை மிச்சம் விடுவது மரியாதையில்லை என்று வளர்ந்த சீவன் நான், ஒவ்வொன்றையும் ஒட்டக் குடித்தேன். தாங்கள் மிச்சம் விட்டதையும் விடவில்லை. ஆறாவது கிளாசோடு நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. யவனர் கப்பலில் வந்த வைன் சாடிகளின் உடைசல்கள் தங்கள் ஊர்ப்பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கட முப்பாட்டன்மார் கரையிலேயே நிண்டு சாடியோட கவிழ்த்திருக்கினம், அதுதான் அவ்வளவு உடைசல் எண்டும் சொல்லிப்போட்டன். தாங்கள் சிரித்தது எனக்கு இன்னும் துணிவாகப் போய்விட்டது.

இனி அந்த வாளி. பழைய கிரேக்கர் வைனைத் தனியாகக் குடிப்பதில்லை. பெரிய கிண்ணத்தில் தண்ணீர் கலந்து எல்லோருக்கும் பொதுவில் வார்ப்பார்கள், கலக்காமல் குடிக்கிறவன் காட்டான் என்று புத்தகத்தில் இருந்தது. மேசையில் பளபளவென்று ஒரு வெள்ளி வாளி. வருகிறவை போகிறவை எல்லாம் கிளாசில் இருந்ததை அதற்குள் ஊற்றிச் சென்றார்கள். ஆகா, பொதுக்கிண்ணம் இதுதான் என்று தங்கள் கிளாசை அதில் முக்கி, இரண்டு கையாலும் தந்தேன். தாங்கள் ஒரு மிடறு குடித்து "இன்ட்ரஸ்டிங்" என்றீர்கள். நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைப் பொம்பிளை எழும்பி வந்து, வாய்க்குள் இருந்ததை வாளிக்குள் துப்பிவிட்டு, மரியாதையாக வாயைத் துடைத்துக்கொண்டு போனா.

சம்பந்தி, சத்தியமாக எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தங்கள் தோளில் சாய்ந்து, என்ர பிள்ளையைக் கைவிடாதேங்கோ என்று அழுதது ஞாபகம். மாக்கிறேட் வந்து கொலரில் பிடித்து இழுத்தது ஞாபகம். அடுத்தது விமான நிலையம்.

தண்டனை எனக்குத் தாருங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம். நிஷானி தங்கமான பிள்ளை, தாயைப் போல. கலியாணத்தன்று மூலையில் ஒரு கதிரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். வைன் என்ற சொல்லையே இனி எடுக்கமாட்டேன். பூசையில் சுவாமியார் கிண்ணத்தைத் தூக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்வேன்.

தங்கள் இருவருக்கும் என் தாழ்மையான வணக்கம், யுகனுக்கு என் ஆசீர்வாதம், நான் நேரில் தரத் தகுதியில்லாதபடியால் தபாலில்.

தலைகுனிந்து,
ஜெயரட்ணம்

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்க இதை மாக்கிறேட்டிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு ஐந்து நாளில் முதற்தடவையாக வாய் திறந்தாள்: "இஞ்சருங்கோ, அவையள் அண்டைக்கு வரவேயில்லை. ஃப்ரீவேயில கார் ரயர் வெடிச்சுப்போச்சு. நீங்கள் ஆரைக் கட்டிப்பிடிச்சு அழுதனீங்கள்?" முதற் சந்திப்பே தவறிப்போன வெட்கத்தில், எந்த முகத்தோடு போன் எடுப்பது என்று தாங்கள்தான் தவிக்கிறீர்களாம். ஆகவே மேலேயுள்ள மன்னிப்பு, வாக்குறுதி ஒன்றும் தங்களைச் சேராது. கிழித்துப்போடத்தான் சொன்னாள், இவ்வளவு எழுதிய கைக்கு மனம் வரவில்லை. அது கிடக்கட்டும், பெண்ணைப் பெற்ற ஒருவனை முன்பின் தெரியாத மனுசனின் தோளில் அழ விட்டது சரியா, நீங்களே சொல்லுங்கோ? இருந்தாலும் பெரிய மனது பண்ணி உங்களை மன்னித்துவிட்டேன். கலியாணத்துக்காவது நேரத்துக்கு வந்து சேருங்கோ.