விழித்திருப்பவர் நோயாளி அல்லர்

பயணிகளின் பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று சுவரில் எழுதிவைத்திருந்த விமான நிலையத்தில், அப்பாவின் மூச்சு மெஷினைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடியை மாட்டிக்கொண்டால் மெஷின் காற்றை உள்ளே தள்ளும். அக்கா வீட்டுக்கு நெடும்பயணம். மெஷின் கூடவே வராவிட்டால் வழி முழுக்க அவரால் கண்ணை மூட முடியாது.

சோதனை அதிகாரி மருத்துவச் சான்றிதழைப் படித்தார். திருப்பி, வெற்றுப் பக்கத்தையும் படித்தார்.

"தூங்கும்போது மூச்சு நிக்கும்னு போட்டிருக்கு. இவர் முழிச்சிருக்காரே?"

"முழிச்சுத்தானே சார் இங்க நடந்து வந்தாரு?"

"முழிச்சிருக்கிறவர் நோயாளி இல்லம்மா. நோயாளி இல்லாதவருக்கு மருத்துவக் கருவி எதுக்கு?"

அப்படியானால் உயிர்காக்கும் சட்டையையும் மூழ்கினவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பீர்களா என்று கேட்டேன். நல்ல யோசனை, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். அப்பா என் கையைக் கிள்ளினார். பொண்ணைப் படிக்கவைத்தால் இப்படித்தான் என்று பின்வரிசையில் என் காதுபடவே பேசினார்கள்.

ஆகவே, அப்பா தூங்கிக் காட்டுவதென்று முடிவாயிற்று. ஓர் ஆணைக்கு இவ்வளவு விரைவாகக் கீழ்ப்படிந்த குடிமகனை நான் கண்டதில்லை. பெஞ்சில் தலை சாய்ந்ததும் குறட்டை கிளம்பியது. திடீரென்று நின்றது. வரிசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்பா திணறி ஒரு மூச்சு இழுத்த பிறகுதான் எல்லோரும் விட்டோம்.

நோய் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் தானாக நடக்காததால் இவர் பயணி அல்லர், சரக்கு என்று உதவி அதிகாரி அப்பாவின் சட்டையில் சீட்டு ஒட்ட வந்தார். அப்பாவை உலுக்கி எழுப்பினேன்.

"நோய் சரி. மெஷின் வேலை செய்யுதான்னு பார்க்கணுமே," என்ற அதிகாரி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல எனக்கும் இதே சத்தம்தான்னு சொல்றாங்க."

அப்பா மாற்று முகமூடியை அவருக்கு மாட்டிவிட்டு மெஷினைப் போட்டார். அதிகாரி நாற்காலியிலேயே குழந்தைபோல் உறங்கிப்போனார். எழுப்பப் போனேன். பணியில் இருக்கும் அதிகாரியை எழுப்புவது அவர் பணியில் குறுக்கிடுவதாகும் என்று எச்சரித்த உதவி அதிகாரி, மேலிடத்தில் கேட்டு வரப் போனவர்தான், திரும்பவில்லை.

கடைசி அழைப்பு வந்தது. அப்பா முகமூடியை மெல்லக் கழற்றி, மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதிகாரி குறட்டையைத் தொடங்கினார்.

யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வரிசை நகர்ந்தது. எல்லோரும் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். தூங்கும் அதிகாரி முன் இரண்டு கைகளையும் தூக்கி நின்று, குறட்டையை அனுமதியாகக் கொண்டு நகர்ந்தார்கள். அப்பாவும் அப்படியே கடந்து போனார்.

அடுத்து நான். இந்த முட்டாள்தனத்தைப் பற்றி அந்தப் பக்கம் போய் அப்பாவிடம் பேச நிறைய வைத்திருந்தேன்.

குறட்டை சட்டென்று நின்றது.

அவர் மறுபடி மூச்சு விடும்வரை, இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே நின்றேன்.