நோர்ஃபோக் கரையில் மாப்பிள்ளை விசாரித்த கதை

கல்யாணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளை பகுதியை விசாரிக்காமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. எனக்கும் இறங்கவில்லை. ஆனால் நான் முற்போக்கானவன் என்று கனடாவில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகர் முழுவதும் தம்பட்டம் அடித்திருந்ததால், அதை வெளியே சொல்ல முடியவில்லை.

ஒஷாவாவில் பிறந்து வளர்ந்த டேனியல் என்ற வெள்ளைக்காரப் பொடியனைத்தான் கட்டுவேன் என்றாள் மகள் ஆரணி. உடனே சம்மதித்தேன். (காய்ச்சலோ என்று மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.) ஆரணிக்குத் தன் அப்பாவைத் தெரியும்.

“அப்பா, டேனியலை விசாரிக்கிற வேலை மட்டும் வேண்டாம். ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்” என்றேன்.

அந்தச் சத்தியம் அடுத்த சனிக்கிழமை வரை தாங்கியது. சாப்பிட வந்த டேனியல், தன் முன்னோர் இங்கிலாந்தில் நோர்ஃபோக் கடற்கரையோரம் ஒரு சின்னக் கிராமத்து மீன்பிடிகாரர்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அவன் கார் தெருமுனை திரும்புமுன் நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். டேனியலைத்தானே விசாரிக்கக் கூடாது? அவனுடைய ஏழாம் தலைமுறைப் பாட்டன் சத்தியத்துக்குள் அடங்கமாட்டார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிராமத்துத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவுகள் இணையத்தில் கிடந்தன. தோமஸ், தோமஸின் மகன் வில்லியம், வில்லியத்தின் மகன் மறுபடியும் தோமஸ். ஒவ்வொரு தோமஸ் அகப்படும்போதும் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“உங்கட பூட்டன்ர பேர் என்ன?”

தெரியாது. (அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ள எனக்கு நேரமில்லை.)

பதிவில் பெயர் இருக்கும், குணம் இருக்காதே. குடி உண்டா, கோர்ட் கேஸ் உண்டா, ஆட்கள் எப்படி? (‘ஆட்கள் எப்படி’ என்றால் எதைக் கேட்கிறோம் என்று நம்மவர்களுக்குத் தெரியும். இந்த முற்போக்கானவர் அதையும் கேட்க இருந்தார்.) ஊரில் என்றால் சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தால் எல்லாம் வந்துவிடும். இணைய வரைபடத்தில் அந்தக் கிராமத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கேயும் ஒரு கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால், பால் போத்தல்களுக்கு மேலே, பிள்ளையார் படம்.

கடையின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்து அடித்து, “வணக்கம்” என்றேன்.

“ஓம், சொல்லுங்கோ அண்ணை” என்றது நோர்ஃபோக்.

கடைக்காரர் யோகன், எனக்கு அடுத்த ஊர். விசயத்தைக் கேட்டதும் என்னைவிட அவர்தான் துள்ளினார். தேவாலயப் பதிவுகளைப் பார்க்கும் பெக்கி அன்ரி என்றொருவர் தினமும் பால் வாங்க வருவாராம். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லையாம். ஞாயிறுதோறும் எனக்குச் செய்தி வந்தது. ஒரு தோமஸ் புயலில் அடுத்தவனைக் காப்பாற்றப் போய் மூழ்கிவிட்டார். இன்னொரு தோமஸ் கடல்வழியாகக் கடத்திவந்த சாராயப் பீப்பாயைக் கல்லறைக்குள் ஒளித்து அகப்பட்டார். கடத்தல் என்றதும் எனக்குப் பொருத்தம் சரியாகவே பட்டது. எங்களதும் கடற்கரை ஊர்தான். அந்த உற்சாகத்தில், மாப்பிள்ளைக்கு முடி கொட்டுகிறதே, அது பரம்பரையோ என்றும் கேட்கச் சொன்னேன்.

நிச்சயதார்த்தம் மார்க்கத்தின் யூனியன்வில் பகுதியில் எங்கள் வீட்டில் நடந்தது. டேனியலின் தாத்தாவுடைய தங்கை இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். டேனியல் அவரை அழைத்துவந்து, பெயர் பெக்கி என்றான்.

என் கையிலிருந்த வடைத்தட்டு சரிந்தது. வடைகள் சம்பந்தியின் மடியில் போய் இருந்தன.

முடியைப் பற்றி விசாரித்த கனவான் நீங்கள்தானே என்று பெக்கி அன்ரி ஆங்கிலத்தில் கேட்டார். சபை முழுவதும் டேனியலின் தலையைப் பார்த்தது. ஆரணி என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் குழம்பிவிடுமோ என்பதைவிட, பிள்ளை இனி என் சொல்லை நம்பமாட்டாளே என்றுதான் பயந்தேன்.

பெக்கி அன்ரி விடவில்லை. இரண்டு பக்கமும் விசாரிப்பதுதான் முறை என்று யோகன் சொல்லிக்கொடுத்தாராம். ஆகவே அவரும் எங்களை விசாரித்தாராம். யோகனின் பெரியம்மா எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். முடிவைத் தமிழிலேயே பாடமாக்கி வந்த பெக்கி அன்ரி எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“ஆக்கள் நல்ல ஆக்கள். தேப்பனுக்குத்தான் கொஞ்சம் வாய் கூட.”

முதலில் சிரித்தது ஆரணிதான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது எந்த விருந்தில் நான் வாயைத் திறந்தாலும், மொட்டைத் தலை டேனியல் (ஓம், பரம்பரைதான்) அந்த வசனத்தைச் சொல்லிவிடுவான். பேத்திக்கும் அது பாடம்.

பெக்கி அன்ரியின் விசாரணை மட்டும் முடியவில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் கூப்பிட்டு, யோகனின் பெரியம்மாவைப் பிடித்து என் பூட்டனின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். வேலுப்பிள்ளை. சந்தோஷத்தில் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

“ஆள் எப்பிடி?”

“நல்ல ஆள்” என்றார் பெக்கி அன்ரி. “கொஞ்சம் வாய் கூட.”