பொண்ணு பல்லு வெளக்குது

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்தேன். காகிதத்தை எடுப்பேன், சுவரில் இருக்கும் அம்மன் படத்தைப் பார்ப்பேன், அவள் சிரிப்பது போலிருக்கும், மடித்து வைத்துவிடுவேன். ஆனால் என் மச்சான் போகிற இடமெல்லாம் இந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லி வருகிறார். இனி நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவதுதான் நல்லது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். அலுவிகாரைப் பக்கம் கொக்கோக் கொட்டையை உலர்த்திச் சாக்கில் கட்டும் ஒரு ஸ்டோரில் வேலை செய்தேன். மாத்தளையில் அம்மன் தேரன்று பால்குடம் சுமந்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. (தாயே, அன்றே உனக்குத் தெரிந்திருக்கும்.) விசாரித்தால், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணியின் தங்கச்சி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. துரையோடு இங்கிலீஷில் பேசுகிறவர். தங்கச்சிக்கும் இங்கிலீஷ் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டுமாம்.

என்னை வளர்த்த பெரியப்பா அசரவில்லை. "நம்ம பயலுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் படித்ததோ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், கொக்கோ சாக்கில் அச்சடித்திருக்கும் எழுத்துகள் மட்டும்தான்.

பெண் பார்க்கப் போகிற வாரம், டவுனில் என் வாழ்நாளின் முதல் பிரஷை வாங்கினேன். அதுவரை என் பல்லுக்கு அடுப்புக்கரிதான். வாங்கிய நாளிலிருந்து நேரம் காலம் பார்க்காமல் தேய்த்தேன். பல் வெளுத்ததோ இல்லையோ, மண்டைக்குள் பிரஷைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த மண்டையோடுதான் கிராணி வீட்டில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெளியே விடாத மழை. வடை வந்தது, பெண் வரவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கிராணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "மை சிஸ்டர் இஸ் பிளஷிங்" என்றார்.

"என்னாடா சொல்றாரு?" பெரியப்பா என் விலாவில் இடித்தார்.

இதுதான் பரீட்சை என்று விளங்கிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பொண்ணு பல்லு வெளக்குதாம், பெரியப்பா."

பெரியப்பா வாயில் வடை அப்படியே நின்றது. "நாலு மணிக்கா? காலைல இருந்து வெளக்காமயா இருந்திச்சு?"

அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. "அதனால என்னாங்க, மெதுவா வெளக்கட்டும். நானும் இப்பெல்லாம் அடிக்கடி வெளக்குறேன்."

கிராணி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, பிரஷ் இல்லைங்க! பிளஷ்! மொகம் செவந்துருச்சுன்னு சொன்னேன்!"

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்த முகச் சிவப்பு ஒன்றே ஒன்றுதான். துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார்.

"செவந்துருச்சா? புடிக்காத புள்ளையப் புடிச்சு உக்கார வச்சிருக்கீங்க. அது கோவத்துல செவந்து நிக்குது, நீங்க இங்க பல்லக் காட்டுறீங்க! டேய், எந்திரி!"

"பெரியப்பா, மழை..."

"நனைஞ்சா கரைஞ்சிற மாட்டே. எந்திரிடா!"

உட்கார்ந்த இடத்திலேயே அம்மனுக்கு ஒரு சாக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

அப்போது திரை விலகியது. தேத்தண்ணித் தட்டோடு அவள் வந்தாள். முகம் சிவந்துதான் இருந்தது, கண்ணும்கூட. தலை நிமிராமல், "கோவம் இல்லைங்க மாமா. வெக்கம்" என்றாள். என் பக்கம் தட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "பல்லு காலைலயே வெளக்கிட்டேன்" என்றாள்.

பெரியப்பா உட்கார்ந்தார். இன்னொரு வடையை எடுத்தார். கிராணி தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், இங்கிலீஷ் பேச்சை அதோடு விட்டுவிட்டார். கல்யாணம் முடிவாகிவிட்டது.

கிராணி மச்சானான பிறகு, ஒரு நாள் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்தார். வெட்கத்திலும் கூச்சத்திலும் தன்னையறியாமல் முகம் சிவந்தால்தான் பிளஷ். கோபத்துக்கு அது ஆகாது. வெயில் பட்டுச் சிவந்தாலும், அடுப்புச் சூட்டில் சிவந்தாலும் ஆகாது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி நிமிர்ந்தாள். "அப்ப அன்னைக்கு எனக்கு வந்தது அது இல்லண்ணே. மழைல வெறகெல்லாம் ஈரம். தேத்தண்ணிக்கு ஊதி ஊதியே மொகம் வெந்துருச்சு."

"பின்ன, வெக்கம்னு சொன்னியே?" என்றேன்.

"சொல்லலேன்னா ஒங்க பெரியப்பா ஒங்கள இழுத்துக்கிட்டுல்ல போயிருப்பாரு?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. என் நிறத்துக்குச் சிவப்பு வெளியே தெரியாது என்ற தைரியத்தில் இருந்தேன். "இந்தா பாருங்க மச்சான், இதுதான் பிளஷ்!" என்று மச்சான் என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார்.

இன்றைக்கும் நான் காலையில் பிரஷை எடுத்தால் போதும். "அம்மா, அப்பா வெக்கப்படுறாரு!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மச்சான் சொல்லும் கதையில் நான் சட்டைப்பையிலிருந்து பிரஷை எடுத்துப் பெண்ணிடம் நீட்டுகிறேன். அது பொய். பிரஷ் வீட்டில்தான் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே நல்ல பொய் அவளுடையது. அதை மட்டும் யாரும் திருத்திவிடாதீர்கள்.